தூக்க ஆய்வில் முதல் வெளிநாட்டுப் பயணம்: பெரிய மாநாடா, சிறு கூட்டமா, ஆய்வகமா?

இந்தியாவில் தூக்க ஆய்வில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கும் ஒருவருக்கு மூன்றாம் ஆண்டு வாக்கில் ஒரு கேள்வி எழுகிறது. முதல் முடிவுகள் கைக்கு வந்துவிட்டன. அவற்றை இத்துறையின் மூத்தவர்கள் முன் வைக்க வேண்டும், அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டு திரும்பவும் வேண்டும். எங்கே போவது, யாருடைய பணத்தில் போவது? படிப்புக் காலத்தில் இந்த வாய்ப்பு ஒரு முறைதான் வரும் என்று எண்ணித் திட்டமிடுவதே விவேகம். அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் நடத்திவந்த பன்னாட்டுப் பயண உதவித் திட்டத்தில் ஒருவர் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் உதவி பெறலாம் என்ற விதி இருந்தது. 2024-இல் அந்த வாரியத்தின் பணிகள் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்தன. வெளிநாட்டுச் சங்கங்களின் பயண நிதியும் அரிதாகவே ஒருவருக்கு இரண்டாம் முறை கிடைக்கிறது. ஆகவே அந்த ஒரு பயணத்தை எதற்குச் செலவிடுவது என்பது உண்மையிலேயே கடினமான முடிவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயண நிதியை ஒரு விண்ணப்பமாகவும், வழிகாட்டுதலைப் பிறகு தானாக அமையும் ஒன்றாகவும் பிரித்துப் பார்ப்பதுதான் இளம் ஆய்வாளர்களுக்கு இழப்பை உண்டாக்குகிறது. சென்று சேரும் இடத்தில் தம்மை எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒரு மூத்த ஆய்வாளர் இல்லையென்றால், எவ்வளவு பெரிய நிதி கிடைத்தாலும் அந்தப் பயணம் பெரும்பாலும் ஒரு சான்றிதழோடு முடிந்துபோகிறது. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பார்த்தால், இரண்டு மூன்று மாதம் ஓர் ஆய்வகத்தில் தங்குவது முதலிடத்திலும், சிறு கூட்டம் அதற்கு அடுத்தும், பெரிய மாநாடு மூன்றாவதாகவும் வருகின்றன. நம் பல்கலைக்கழகங்களில் நடைமுறை இதற்கு நேர்மாறாக இருக்கிறது. பெரிய மாநாட்டுக்குத்தான் எல்லோரும் முதலில் விண்ணப்பிக்கிறார்கள்.

தூக்க ஆய்வில் வழிகாட்டுதலுக்கு ஏன் இத்தனை எடை தர வேண்டும் என்பதற்கு இத்துறைக்கே உரிய காரணம் உண்டு. இரவு முழுவதும் பதிவான பாலிசோம்னோகிராபியை, அதாவது மூளை அலை, கண்ணசைவு, தசை இயக்கம் ஆகியவற்றின் பதிவை, 30 விநாடித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் விழிப்பா, என்1, என்2, என்3 எனப் படிப்படியாக ஆழமாகும் நிலைகளில் ஒன்றா, கண்கள் வேகமாக அசையும் ரெம் தூக்கமா என்று முடிவு செய்வதுதான் மனிதத் தூக்க ஆய்வின் அடித்தளம். இதற்கு 1968-இல் ரெக்ட்ஷாஃபனும் கேல்ஸும் தொகுத்த விதிகள் இருந்தன. 2007 முதல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமியின் கையேடு அவற்றின் இடத்தைப் பிடித்தது. கையேடு எல்லோர் கையிலும் இருந்தும் கண்கள் வேறுபடுகின்றன. 2013-இல் வெளியான ஒரு பெரிய ஒப்பீட்டில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே பதிவுகளை மதிப்பிட்டபோது மொத்த உடன்பாடு ஏறத்தாழ 83 சதவீதம். என்1 நிலையில் மட்டும் அது 63 சதவீதம். என்1 எங்கே தொடங்குகிறது என்பதை ஒருவர் பக்கத்தில் அமர்ந்து, அவர் ஏன் இந்தத் துண்டை விழிப்பு என்றும் அடுத்ததை என்1 என்றும் குறித்தார் என்று கேட்டுக் கேட்டுத்தான் கற்க முடிகிறது. எலியின் மண்டையோட்டில் மின்முனை பொருத்தும் அறுவைக்கும் இது பொருந்தும். கட்டுரையின் செய்முறைப் பகுதியில் இரண்டே வரியாக இருப்பது, ஆய்வகத்தில் பல வாரக் கைப்பழக்கம்.

இத்துறையின் வரலாறும் ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்த வரலாறுதான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நதானியேல் கிளைட்மேனின் மாணவராக இருந்த யூஜின் அசெரின்ஸ்கி, தம் எட்டு வயது மகனைப் பதிவுக் கருவியில் படுக்க வைத்துக் கண்டதுதான் 1953-இல் வெளியான ரெம் தூக்கக் கண்டுபிடிப்பின் தொடக்கம். கிளைட்மேன் அதை எளிதில் ஏற்கவில்லை. தம் சொந்த மகளையும் பதிவு செய்து பார்த்த பிறகே உறுதிகொண்டார். மருத்துவ மாணவராக அந்த ஆய்வகத்துக்கு வந்த வில்லியம் டிமென்ட் பின்னர் ஸ்டான்போர்டில் தமக்கென ஓர் ஆய்வுக் களத்தை அமைத்தார். அவருடைய மாணவி மேரி கார்ஸ்கடன், பகல் தூக்கத்தை அளக்க இன்றும் பயன்படும் சோதனையை 1970-களில் அவரோடு சேர்ந்து உருவாக்கினார். நம் நாட்டிலும் இப்படியொரு தொடர்ச்சி உண்டு. தில்லி எய்ம்ஸின் உடலியல் துறையில் பல்தேவ் சிங் போன்றோர் அமைத்த ஆய்வுச் சூழலில் உருவானவர்களே, முன்மூளையின் பிரீஆப்டிக் பகுதிக்கும் தூக்கத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த வேலாயுதன் மோகன் குமாரும், பின்னர் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ரெம் தூக்கம் பற்றிய ஆய்வை வளர்த்த பீரேந்திரநாத் மல்லிக்கும்.

இனி வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பெரும்பாலோர் முதலில் நினைப்பது அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஜூன் மாதம் கூடும் ஸ்லீப் மாநாடு. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமியும் தூக்க ஆய்வுச் சங்கமும் இணைந்து நடத்தும் இது 2024-இல் ஹூஸ்டனிலும் 2025-இல் சியாட்டிலிலும் நடந்தது. பயிற்சியில் இருப்போருக்கென ஒரு நாள் அமர்வுகளைத் தூக்க ஆய்வுச் சங்கம் தனியாக ஒதுக்குகிறது. வேலைக்கு விண்ணப்பிப்பது, நிதிக் கோரிக்கை எழுதுவது, மருத்துவரும் அடிப்படை அறிவியலாளரும் சேர்ந்து பணியாற்றுவது போன்றவற்றை மூத்தோர் அங்கே வெளிப்படையாகப் பேசுகிறார்கள். சிறந்த ஆய்வுச் சுருக்கங்களுக்குப் பரிசும் உண்டு. ஏற்கப்பட்ட சுருக்கங்கள் சங்கத்தின் இதழில் இணைப்பாக அச்சாகின்றன. ஒரே வாரத்தில் துறை முழுவதையும் கண்ணால் காண விரும்புபவருக்கு இதற்கு ஈடான இடம் இல்லை.

இருந்தும், முதல் பயணமாக இதைத் தேர்ந்தெடுக்க நான் தயங்குவேன். ஆயிரக்கணக்கானோர் கூடும் இடத்தில் ஒரு மாணவரின் சுவரொட்டிக்கு முன் பத்து நிமிடம் நிற்கும் மூத்த ஆய்வாளர் ஒருவர் கிடைப்பதே நற்பேறு. பயிற்சி நாளில் பேசப்படுபவற்றில் பெரும்பகுதி அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதிமுறையைச் சார்ந்தது. அங்கே பணியாற்றும் எண்ணம் இல்லாதவருக்கு அதனால் பயன் குறைவு. ஆய்வுச் சுருக்கத்தை முந்தைய டிசம்பர் வாக்கிலேயே அனுப்ப வேண்டியிருப்பதால், ஜூன் மாதத்தில் சொல்லப்போகும் முடிவு ஆறு மாதம் முன்னரே உறுதியாகியிருக்க வேண்டும். இவற்றோடு விசா. கட்டணமே 185 டாலர். நேர்காணலுக்கான காத்திருப்பு எவ்வளவு நீளும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. சுருக்கம் ஏற்கப்பட்டது தெரிந்த பிறகு விசாவுக்கு முயல்பவர்கள் மாநாடு முடிந்த பின் நேர்காணலுக்கு அழைக்கப்படுவது புதிதல்ல. பயண நிதி கைக்கு வந்தும் பயணம் நடக்காமல் போகும் நிலை இந்த வழியில்தான் அதிகம்.

ஐரோப்பியத் தூக்க ஆய்வுச் சங்கம் இரட்டைப்படை ஆண்டுகளில் நடத்தும் ஸ்லீப் யூரோப் மாநாடும், உலகத் தூக்கச் சங்கத்தின் மாநாடும் ஒன்றுக்கொன்று மாற்றாக வருவது ஒரு வசதி. முன்னது 2022-இல் ஏதென்ஸிலும் 2024-இல் செவில்லிலும் நடந்தது. பின்னது 2023-இல் ரியோ டி ஜெனிரோவிலும் 2025-இல் சிங்கப்பூரிலும் நடந்தது. ஐரோப்பியச் சங்கத்தில் இளம் ஆய்வாளர்களுக்கென ஒரு வலையமைப்பு இயங்குவதால், தனியாகப் போய் நிற்கும் மாணவருக்கும் சேர்ந்து பேச நாலு பேர் கிடைக்கிறார்கள். ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ செலவாகும்; பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்க இடமிருப்பதால் திட்டமிட முடிகிறது. உலகத் தூக்கச் சங்க மாநாடு, மருத்துவமனையில் தூக்க நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களுக்கு அதிகம் உகந்தது. ஆசிய நகரம் ஒன்றில் நடக்கும் ஆண்டில், செலவைக் கணக்கிட்டு அதைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. மற்றபடி பெரிய மாநாட்டின் குறைகள் இவ்விரண்டுக்கும் பொருந்தும்.

சிறு கூட்டம் என்றால் முதலில் சொல்ல வேண்டியது கார்டன் ஆய்வு மாநாடு. 1931-இல் வேதியியலுக்காகத் தொடங்கிய இந்த மரபில் தூக்கத்தின் ஒழுங்கமைவையும் செயற்பாட்டையும் பற்றிய தனிக் கூட்டமும் உண்டு. அதற்கு முந்தைய இரண்டு நாட்கள், மாணவர்களும் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்களும் தாமே நடத்தும் கருத்தரங்குக்கென ஒதுக்கப்பட்டவை. அங்கு பேசுவோர் அனுப்பப்பட்ட சுருக்கங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் இளையோர்தான். பேராசிரியர் ஒருவர் தொடக்க உரையோ வழிகாட்டும் அமர்வோ தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். பிறகு ஐந்து நாள் முதன்மைக் கூட்டம். ஒரே கூரையின் கீழ் தங்கி, ஒரே மேசையில் உண்டு, பிற்பகல் நேரத்தைப் பேச்சுக்கென்றே விட்டுவைக்கும் ஏற்பாடு அது. படம் எடுக்கவோ பதிவு செய்யவோ கூடாது. அங்கு கேட்டதை மேற்கோள் காட்டவும் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டினால்தான் வெளிவராத முடிவுகளையும், தோற்றுப்போன சோதனைகளையும் மூத்தோர் மனம் திறந்து சொல்கிறார்கள். இளையவர் ஒருவர் கற்க வேண்டியதில் பாதி இதில் இருக்கிறது, ஏனென்றால் எந்தச் சோதனை ஏன் வேலை செய்யவில்லை என்பது எந்த இதழிலும் அச்சாவதில்லை.

செலவுக் கணக்கிலும் ஒரு நன்மை உண்டு. பதிவுக் கட்டணத்துக்குள் தங்கும் இடமும் உணவும் அடங்கிவிடுவதால், மொத்தத் தொகை முதலிலேயே தெரிந்துவிடுகிறது. விடுதிக் கட்டணத்துக்கு வேறு நிதி தேடும் சிக்கல் இல்லை. ஆனால், இங்கே கூடுவோரில் பெரும்பாலோர் மூளைச் செல்களின் செயல், உயிர்க்கடிகாரம், விலங்கு மாதிரிகள் ஆகியவற்றில் ஆழ்ந்தவர்கள். மூச்சுத்திணறல் நோய்க்கான சிகிச்சையையோ, தொழிலாளர்களின் இரவுப் பணியையோ ஆராய்பவருக்கு அந்த ஐந்து நாளில் கிடைக்கக்கூடிய வழிகாட்டிகள் குறைவு. அமெரிக்காவில் நடக்கும் ஆண்டில் விசாச் சிக்கலும் உடன் வரும்.

நான் முதலிடம் தரும் வழி, ஆய்வகத்தில் சில மாதங்கள் தங்குவது. இதற்கு நம்மவர்கள் போதிய அளவு பயன்படுத்தாத ஒரு வாயில், ஐரோப்பிய மூலக்கூற்று உயிரியல் அமைப்பான எம்போவின் அறிவியல் பரிமாற்ற நிதி. 2016 முதல் இந்தியா அவ்வமைப்பின் இணை உறுப்பு நாடாக இருப்பதால், இங்குள்ள ஆய்வகத்திலிருந்து ஐரோப்பிய ஆய்வகம் ஒன்றுக்கு மூன்று மாதம் வரை சென்று பணியாற்ற விண்ணப்பிக்கலாம். பயணச் செலவும் அங்கு வாழ்வதற்கான தொகையும் அதில் அடங்கும். மாநாட்டு நிதியில் முதலில் பணம் வருகிறது, ஆளைப் பிறகு தேடிக்கொள்கிறோம். இங்கே முறை தலைகீழ்: வரவேற்கும் ஆய்வகத் தலைவர் ஒப்புக்கொண்டால்தான் விண்ணப்பமே எழுத முடியும். மாணவரின் வேலையை ஒருவர் படித்து, இவர் வந்தால் இன்னது செய்யலாம் என்று யோசித்து, எழுத்தில் இசைவு தந்திருக்கிறார் என்பதே வழிகாட்டுதலின் தொடக்கம். அது உயிரியலை மையமாகக் கொண்ட அமைப்பு என்பதால் மருந்துச் சோதனைகளுக்கும் மருத்துவமனைப் பயிற்சிக்கும் பொருந்தாது.

மூன்று மாதத்தில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று தெளிந்திருப்பது மிக முக்கியம். புதிய விலங்குச் சோதனை ஒன்றை அங்கே தொடங்க நினைப்பவர்கள் ஏமாறுகிறார்கள். நெறிமுறை அனுமதிக்கே மாதங்கள் ஆகும். அறுவைக்குப் பிறகு எலி தேறுவதற்கும், பதிவுக் கம்பிக்குப் பழகுவதற்கும் வாரங்கள் கழியும். முதல் நம்பகமான பதிவு வரும்போது திரும்பும் நாள் நெருங்கிவிடும். இங்கே சேகரித்த பதிவுகளோடு போய், அவற்றை அந்த ஆய்வகத்தின் பகுப்பாய்வு முறையில் மறுபடி ஆராய்வதுதான் அந்தக் காலத்துக்குள் அடங்கும் வேலை. ஆழ்ந்த தூக்கத்தில் தோன்றும் மெதுவலைகளின் செறிவைக் கணக்கிடுவது, தூக்கக் கதிர்கள் எனப்படும் குறுகிய மூளை அலைத் தொகுப்புகளைக் கண்டறிவது, சிதைந்த பகுதிகளை நீக்குவது ஆகிய ஒவ்வொன்றிலும் சொல்லாமல் கடைப்பிடிக்கப்படும் முடிவுகள் பல உண்டு. அவற்றை அருகிலிருந்து பார்த்தவர் ஊர் திரும்பிய பின் தம் ஆய்வகத்துக்கே அதைக் கற்றுத்தர முடியும். மனிதர்களின் பதிவுகளைக் கொண்டுசெல்வதானால் அடையாளங்களை நீக்கியிருக்க வேண்டும்; நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவும் அதற்கு அனுமதித்திருக்க வேண்டும். புறப்படும் மாதத்தில் இதைத் தொடங்கினால் நடக்காது. விண்ணப்பம் எழுதும்போதே குழுவுக்கும் எழுதிவிடுவது நல்லது.

இதைவிட நீண்ட தங்கலுக்கும் வாயில்கள் உண்டு. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்களுக்கான ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகை அமெரிக்காவில் ஆறு முதல் ஒன்பது மாதம் தங்கி ஆராய இடம் தருகிறது. அதோடு வரும் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவின் நிபந்தனையை முன்கூட்டி அறிந்துகொள்ள வேண்டும்: அரசு நிதியில் சென்றவர்கள் திரும்பி வந்து இரண்டு ஆண்டு தாய்நாட்டில் இருந்த பிறகே அங்கு வேலைக்கான எச்-1பி விசாவோ நிரந்தர வசிப்புரிமையோ பெற முடியும். பட்டம் முடித்த கையோடு அங்கேயே முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய பணியில் சேர எண்ணுபவர் இதைத் தம் வழிகாட்டியோடு அமர்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். உலகத் தூக்கச் சங்கத்தின் பன்னாட்டுப் பயிற்சித் திட்டம் ஓராண்டுக் காலம் வேறு நாட்டு ஆய்வகத்தில் ஒரு வழிகாட்டியின் கீழ் இருத்துகிறது. தூக்க மருத்துவத்தை ஆய்வோடு சேர்த்துக் கற்க விரும்பும் மருத்துவர்களுக்கு இது நல்ல பொருத்தம். பட்டம் பெற்றுவிட்டவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி உதவித்தொகை இருக்கிறது. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு அனுபவம் எட்டு ஆண்டுக்கு மேற்படக் கூடாது. போட்டி கடுமையானதுதான், ஆனால் முன்பு மூன்று மாதம் தங்கிய ஆய்வகமே இப்போது வரவேற்கும் ஆய்வகமாகவும் அமைந்தால், விண்ணப்பத்தில் சொல்லப்படும் திட்டம் இருவரும் ஏற்கெனவே சோதித்துப் பார்த்ததாக இருக்கும். குறுகிய தங்கலை முதலில் வைப்பதற்கு என்னுடைய வலுவான காரணம் இதுவே.

பணம் எப்போது கைக்கு வருகிறது என்ற கேள்வியை யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை, கேட்க வேண்டும். சங்கங்களின் பயண நிதியில் பெரும்பகுதி, பயணம் முடிந்து ரசீதுகளை அனுப்பிய பிறகே கொடுக்கப்படுகிறது. அரசுத் திட்டங்களிலும் இப்படித்தான். விமானச் சீட்டு, பதிவுக் கட்டணம், விடுதி எல்லாவற்றையும் உதவித்தொகையில் வாழும் மாணவர் முதலில் தம் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கிறது. வீட்டில் நகையை அடகு வைத்து மாநாட்டுக்குப் போன மாணவர்கள் இருக்கிறார்கள்; அதைப் பெருமையாகப் பேசுவதை நான் விரும்பவில்லை. அந்தச் சுமை திறமையை அளப்பதில்லை, வீட்டின் வசதியைத்தான் அளக்கிறது. விமானச் சீட்டைத் தாமே எடுத்துத் தரும் நிதியா, முன்பணம் தரும் நிதியா, பின்னர் ஈடுசெய்யும் நிதியா என்று விண்ணப்பிக்கும் முன் ஒரு மின்னஞ்சலில் கேட்பது எந்த வகையிலும் தகுதிக் குறைவு அல்ல. பின்னர் ஈடுசெய்வதென்றால், நிறுவனமோ ஆய்வு வழிகாட்டியின் திட்ட நிதியோ முன்பணம் தருமா என்று கேட்க வேண்டும். மறுத்துவிட்டால், தொகை சிறிதாக இருந்தாலும் முன்பணம் தரும் வழியைத் தேர்ந்தெடுப்பதே நியாயம்.

எங்கும் போக முடியாத ஆண்டுகளும் உண்டு. கைக்குழந்தை உள்ள பெண்களுக்கும், நோயுற்ற பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும், கடவுச்சீட்டுச் சிக்கலில் மாட்டியவர்களுக்கும் மேற்சொன்ன எதுவும் உடனே பயன்படாது. அவர்களுக்குத் தொலைவிலிருந்து கிடைக்கும் வழிகாட்டுதல் இரண்டாந்தரமானது என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அமெரிக்காவின் தேசியத் தூக்க ஆய்வு வளம் 2014 முதல் பெரிய ஆய்வுகளின் தரவுகளை, உரிய ஒப்பந்தத்தின் பேரில், இலவசமாகத் தருகிறது. 1990-களில் தொடங்கி ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் தூக்கத்தையும் இதய நலத்தையும் பின்தொடர்ந்த ஸ்லீப் ஹார்ட் ஹெல்த் ஆய்வின் பதிவுகளும் அதில் இருக்கின்றன. லூனா, யாசா போன்ற இலவச மென்பொருள்களைக் கொண்டு ஒரு சாதாரணக் கணினியிலேயே அவற்றை ஆராயலாம். இப்படிச் செய்த சிறு பகுப்பாய்வு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெளிநாட்டு ஆய்வாளருக்கு எழுதும் கடிதத்துக்கும், ‘தங்கள் ஆய்வகத்தில் சேர ஆவலாக உள்ளேன்’ என்று மட்டும் எழுதும் கடிதத்துக்கும் வரும் பதில்கள் வேறு. முன்னதற்குக் கேள்விகள் வருகின்றன. கேள்விகள் வந்தால் மாதம் ஒரு முறை காணொளியில் பேசும் வழக்கம் உருவாவது கடினமல்ல. என்1 எங்கே தொடங்குகிறது என்பதைத் திரையில் பகிர்ந்தும் ஓரளவு கற்கலாம். அறுவைக் கைப்பழக்கத்தை அப்படிக் கற்க முடியாது.

ஆகவே யார் எதைத் தேர்ந்தெடுப்பது? மூன்றாம் ஆண்டில் விலங்கு மாதிரிகளிலோ அடிப்படை உயிரியலிலோ இருப்பவர், முதலில் பொதுத்தரவில் ஒரு சிறு வேலை செய்து ஓர் ஐரோப்பிய ஆய்வகத்தோடு தொடர்பை உருவாக்கிக்கொண்டு, அதன் பேரில் எம்போ நிதிக்கு விண்ணப்பிப்பது நல்லது. கார்டன் மாநாடு அதற்குப் பிறகு வரட்டும். இறுதியாண்டில், முடிவுகள் முழுமையாகி, அடுத்த வேலையைத் தேடும் நிலையில் இருப்பவருக்கு மட்டும் என் வரிசை மாறுகிறது. பல ஆய்வகத் தலைவர்களை ஒரே இடத்தில் சந்திக்க வேண்டிய தேவை அவருக்கு உண்மையாகவே இருப்பதால் பெரிய மாநாடு பயன் தரும். அவரும் சுவரொட்டியை நம்பியிராமல், சந்திக்க விரும்பும் நால்வருக்கு இரண்டு மாதம் முன்பே எழுதி, நாளும் நேரமும் குறித்துக்கொண்டு புறப்பட வேண்டும். மருத்துவமனையில் பணியாற்றிக்கொண்டே ஆய்வுக்கு வரும் நுரையீரல், நரம்பியல், மனநல மருத்துவர்களுக்கு நீண்ட விடுப்பு கிடைப்பதுதான் பெரும் தடை. ஓராண்டு விடுப்பு கிடைக்குமானால் உலகத் தூக்கச் சங்கத்தின் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். கிடைக்காவிட்டால், மாநாட்டுக்குப் போகும் வாரத்தோடு இன்னும் இரண்டு வாரத்தைச் சேர்த்து, அந்த நாட்டிலேயே ஒரு தூக்க ஆய்வகத்தில் பதிவுகளை மதிப்பிடப் பழகிவரும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளலாம். இதற்கு வரவேற்கும் ஆய்வகத்தின் கடிதம் மட்டும் போதாது. மாநாட்டுக்கெனப் பெறும் விசா அந்த இரண்டு வாரப் பயிற்சிக்கும் இடமளிக்கிறதா என்பதைத் தூதரக விதிகளில் பார்த்து, நோக்கத்தை விண்ணப்பத்திலேயே எழுதிவிட வேண்டும்.